மன்னார்க் கடலிற் பலகைமேல் நிற்றல்

நமது கல்லூரி நமக்குக் கற்பித்தவை பல. இலக்கணமுங் கணிதமுங் கற்பித்தது. காலைப் பிரார்த்தனையில் அசையாது நிற்கக் கற்பித்தது. மாலையில் உதைபந்தாட்ட மைதானத்திலே விழவும் எழவுங் கற்பித்தது. ஆயினும், நாற்றிசையுங் கடல் சூழ்ந்த நாட்டிற் பிறந்த நம்மிற் பெரும்பாலார்க்குக் கடலில் நிற்பதற்கு ஒருவருங் கற்பித்திலர். கடல் மீனவர்க்குரியது, புத்தகம் நமக்குரியது என்றொரு பிரிவினை எவரும் எடுத்துரையாமலே நம் மனத்திற் படிந்துவிட்டது. அப்பிரிவினையால் நாம் இழந்தது யாதென யாம் உணர்ந்தது, கல்லூரியை விட்டு நெடுங்காலங் கழிந்து, உத்தியோகக் கதிரையில் உடல் தடித்த பின்னர், மன்னார்த் தீவின் வடகரையிற் பேசாலைக்கு அண்மையில், இடுப்பளவு நீரிலே பன்னிரண்டாம் முறை விழுந்தெழுந்த ஒரு காலைப் பொழுதிலாகும். அவ்வநுபவத்தால் யாம் அறிந்தவற்றைப் பழைய மாணவ நண்பர்க்குப் பயன்படுமென்னுங் கருத்தினால் ஈண்டு விளக்க முற்படுகின்றோம்.

யாம் கற்கப் புகுந்த விளையாட்டு, ஆங்கிலத்தில் 'ஸ்ராண்ட் அப் பாடில்' என வழங்குவது. நின்று துடுப்பு வலித்தல் எனத் தமிழிற் கூறலாம். அகன்ற மிதவைப் பலகையொன்றின்மேல் நின்றுகொண்டு, நீண்ட ஒற்றைத் துடுப்பினால் நீரைத் தள்ளி முன்செல்லுதலே இதன் சுருக்கம். பசுபிக் சமுத்திரத்து ஹவாய்த் தீவுகளில், வைக்கீக்கிக் கடற்கரையிலே, இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அலைச்சறுக்கு ஆசிரியர் சிலர் பெரிய பலகைகளில் நின்று துடுப்பு வலித்தவாறே தம் மாணாக்கரைக் கண்காணித்தனர். பின்னர் மறைந்திருந்த அவ்வழக்கத்தை 2000ஆம் ஆண்டை ஒட்டிய காலத்தில் லேயர்ட் ஹமில்ற்றன் முதலிய அலைச்சறுக்கு வீரர் மீண்டும் எடுத்துப் பரப்பினர். 2012இல் இதற்கென உலகப் போட்டியொன்று பெரு நாட்டில் நடைபெற்றது. இன்று கடலும் ஏரியும் ஆறும் உள்ள நாடுகள் பலவற்றில் இது முதியோரும் பயிலும் விளையாட்டாக விளங்குகின்றது.

இவ்வளவையுங் கேட்போர் இது முற்றிலும் அயல்நாட்டுச் சரக்கென எண்ணுதல் கூடும். அவ்வாறு எண்ணுதல் தவறு. இலேசான மரங்களைக் கயிற்றாற் பிணைத்து, அவற்றின்மேல் முழந்தாளிட்டும் நின்றும் துடுப்பு வலித்துச் செல்லுங் கட்டுமரம், சோழமண்டலக் கரையிலும் ஈழத்தின் வடபுலக் கரைகளிலும் பன்னெடுங்காலம் வழங்கியது. அச்சொல்லே ஆங்கிலம் புகுந்து 'கற்றமரான்' ஆயிற்று. எனினும் ஆங்கிலேயர் இன்று அப்பெயரால் வழங்குவது இரட்டை உடலுடைய படகையே. நம்மவரது கட்டுமரமோ தனிப் பலகைபோல் நீரோடு நீராகக் கிடப்பது. முத்துச் சிப்பி ஆராய்ச்சியின் பொருட்டுப் பேராசிரியர் ஹேட்மனுடன் 1902இல் இலங்கைக்கு வந்து மன்னார்க் குடாவிற் பணிபுரிந்த ஜேம்ஸ் ஹோர்னெல் என்பார், பின்னர் 1920இல் இந்தியப் படகுகளின் அமைப்பைப் பற்றித் தனி நூலே எழுதினார். ஆழங்குறைந்த களப்பு நீரில் வள்ளத்தின் கடைப்பக்கத்தே நின்று மரக்கோல் தாங்கிச் செல்லுதலும் நம் வடபுலத்து மக்களின் பழைய வித்தையே. எனவே பலகையும் விளையாட்டென்னும் பெயருமே புதியனவன்றி, நீர்மேல் நிற்குங் கலை நம் அயலாரது பரம்பரைச் சொத்தென்பது தெளிவு. நாம்தாம் அதனைப் பாராது இருந்துவிட்டோம்.

இனிக் கருவியைப் பற்றிச் சிறிது கூறுவாம். வெளிநாட்டில் வாழும் எமது மருமகன் விடுமுறைக்கு வந்தபோது கொண்டுவந்த பலகை, சுருட்டிப் பையில் வைக்கத்தக்கது. காற்றடைத்தவுடன் மரம்போல் விறைத்து நிற்பது. பயில்வோர்க்குரிய பலகை ஏறத்தாழப் பத்தரை அடி நீளமும், 32 அங்குல அகலமும், 6 அங்குலத் தடிப்பும் உடையதாயிருத்தல் நன்று. அத்தகையதொன்றின் கனவளவு ஏறக்குறைய 300 லீற்றர். ஒரு லீற்றர் நீர் ஒரு கிலோகிராம் எடையுள்ளதாதலின், பலகையின் எடையையுஞ் சேர்த்து 100 கிலோகிராம் அதன்மேல் ஏறினும் மூன்றிலொரு பங்கே நீருள் அமிழும். ஆகவே, 'எம் பாரத்திற்கு அது தாழ்ந்துவிடுமே' என்று அஞ்சுவோர் அவ்வச்சத்தை விடுக. தாழ்வதன்று, கவிழ்வதே பயில்வோனது இடர். துடுப்பின் நீளம் ஆளின் உயரத்திலும் 6 முதல் 10 அங்குலம் வரை மிகுதியாயிருத்தல் வேண்டும். அதன் அலகு தண்டிலிருந்து சிறிது முன்னோக்கிச் சாய்ந்திருக்கும். சோற்றை அள்ளும் அகப்பைபோல அதனை மறுபுறந் திருப்பிப் பிடித்தல் புதியவர் யாவருஞ் செய்யும் பிழை, யாமுஞ் செய்தோம். இவையன்றிக் கணுக்காலையும் பலகையையும் இணைக்குங் கயிறொன்றும், மிதவைச் சட்டையொன்றும் இன்றியமையாதன. நன்கு நீந்துவோரும் இவ்விரண்டையும் விலக்குதல் ஆகாது.

ஏறும் முறை வருமாறு. இடுப்பளவு நீரிற் பலகையை நிறுத்தி, நடுவிலுள்ள கைப்பிடியை அடுத்து முதலில் முழந்தாளிடுக. அந்நிலையிலேயே சிறிது தூரம் வலித்துப் பழகுக. பின்னர்த் துடுப்பைப் பலகைக்குக் குறுக்கே வைத்து, இரு கைகளையும் ஊன்றி, ஒரு காலின்பின் மறுகாலாக எழுக. பாதங்கள் கைப்பிடியின் இருமருங்கும் தோளகலத்தில் முன்னோக்கி இருத்தல் வேண்டும். முழங்கால்கள் சிறிதே மடிந்திருத்தல் வேண்டும். எழுந்தவுடன் துடுப்பை நீரில் இடுக. நீருள் நிற்குந் துடுப்பு மூன்றாங் காலுக்கு ஒப்பாகும். எழுந்து நின்றுவிட்டுத் துடுப்பைக் கையில் ஏந்தியபடி திகைப்பவன் விழுவது உறுதி.

விழுதலுக்கும் முறையுண்டு. பலகையின்மேல் விழாது, பக்கவாட்டில் அகன்று, உடலைப் பரப்பி விழுதல் வேண்டும். ஆழங்குறைந்த நீரில் தலைகீழாகப் பாய்தல் கழுத்தெலும்பை முறிக்கும். அதனை ஒருபோதுஞ் செய்தலாகாது. முதன்நாட் காலை யாம் விழுந்த தொகை பன்னிரண்டுடன் நின்றதன்று. கரையில் வலை சீர்செய்துகொண்டிருந்த முதியவர் ஒருவர் நெடுநேரம் எம்மைப் பார்த்திருந்து, ஈற்றில், "ஐயா, காலைப் பாக்காதேங்கோ, தூரத்தைப் பாருங்கோ" என்றார். மருமகன் அரைமணி நேரம் விளக்கியதன் சாரம் அவ்வொரு வாக்கியத்தில் அடங்கியிருந்தது. பார்வையைத் தொடுவானத்திற் செலுத்தினோம். அப்பொழுதே முதன்முறையாகப் பத்துத் துடுப்பளவு தூரம் விழாது சென்றோம்.

இதற்குக் காரணம் உடலியலில் உண்டு. மனிதன் மூன்று வழிகளால் தன் நிலையை அறிகின்றான்: கண்ணால் ஒன்று, உட்செவியிலுள்ள அரைவட்டக் குழாய்களும் அவற்றை அடுத்த உறுப்புகளுந் தருஞ் செய்தியால் ஒன்று, தசையிலும் மூட்டிலும் உள்ளங்காலிலும் உள்ள உணர்நரம்புகளால் ஒன்று. அசையும் நீரைக் கண் நோக்குமாயின், அசைவது நீரோ தானோ என்னும் மயக்கம் மூளைக்கு உண்டாகும்; அசையாத தொடுவானத்தை நோக்குமாயின் அம்மயக்கம் நீங்கும். வயது ஏற ஏற இம்மூன்று வழிகளுஞ் சிறிது மங்குகின்றன. முப்பது வயதின் பின்னர்ப் பத்தாண்டுக்கு 3 முதல் 8 சதவீதம்வரை தசை குறையுமென மருத்துவர் கூறுவர். எனினும் பயிற்சியால் இம்மங்குதலைப் பெரிதுந் தடுக்கலாமென்பதும் அவர் கூற்றே. முழங்கால் மடித்து நிற்றலாற் பாரத்தின் மையம் தாழ்கின்றது. பலகை முன்னோக்கிச் செல்லும்போது நின்ற இடத்திலும் உறுதியாக உள்ளது. இவை இரண்டும் ஈருருளி ஓட்டியோர் அறிந்த உண்மைகளே.

மறுநாள் நிகழ்ந்ததை மறைப்பதற்கில்லை. படுக்கையினின்றும் எழ முயன்றபோது, நாரியும் தொடையும் கெண்டைக்காலும் ஒருங்கே உளைந்தன. பாதத்தின் அடியிலும் உளைவு இருந்தமை எமக்கு வியப்பளித்தது. விழுவோமென்னும் அச்சத்தினாற் கால்விரல்கள் பலகையைப் பற்ற முயன்றுகொண்டேயிருந்தமை அதன் காரணம். தோள்மூட்டோ, சட்டை அணிவதற்கும் இடந்தரவில்லை. மூன்றாம் நாள் உளைவு குறையுமென எதிர்பார்த்தோம், அது கூடியது. வழக்கமில்லாத வேலையைச் செய்த தசைக்கு ஒரு நாளிலிருந்து மூன்று நாள்வரையில் உளைவு உச்சம் அடைதல் இயல்பு என்பதைப் பின்னரே அறிந்தோம். தசையில் 'லக்ரிக் அமிலம்' தேங்குதலே இதற்குக் காரணமென நம் காலத்திற் பலர் கூறுவர். அது பிழை. அவ்வமிலம் வேலை முடிந்து ஓரிரு மணி நேரத்தில் நீங்கிவிடும். தசைநார்களில் நுண்ணிய சிதைவு உண்டாகி, அதனை உடல் பழுதுபார்க்கும்போது எழும் நோவே இது. பழுதுபார்த்த தசை முன்னையினும் வலிமை பெறுகின்றது. அதே வேலையை அடுத்த முறை செய்யும்போது உளைவு மிகக் குறைகின்றது.

ஆகவே, பயிற்சி விட்டவர் செய்யத்தக்கது இதுவே. முதன்நாள் அரைமணி நேரத்தின் மேற்படாது பயில்க. அடுத்த இரண்டு நாள் முற்றாகப் படுத்துவிடாது மெல்ல நடக்க. பின்னர் மீண்டும் ஏறுக. கையால் மட்டும் வலியாது, அலகை முழுவதும் நீருள் ஆழ்த்தி, இடுப்பையும் முதுகையுஞ் சேர்த்துத் திருப்பி வலிக்க. சில துடுப்புக்கு ஒருமுறை பக்கம் மாற்றுக. உளைவு வேறு, மூட்டிற் குத்தும் நோவு வேறு. பின்னது வந்தால் நிறுத்துக. இருதய நோயும் இரத்த அழுத்தமும் உள்ளோர் மருத்துவரைக் கேளாது தொடங்கற்க. எம் அளவில், நான்காம் நாள் விழுந்தது ஐந்து முறை. ஆறாம் நாள் ஒருமுறையும் விழவில்லை. அன்றுதான் யாம் செருக்குற்றோம். அன்றுதான் கடல் எமக்கு உண்மையான பாடத்தைக் கற்பித்தது.

அப்பாடத்தை விளக்குமுன் மன்னாரின் அமைப்பைக் கூறுதல் அவசியம். தீவின் வடக்கே பாக்குக் குடா; தெற்கே மன்னார்க் குடா. தலைமன்னாரின் மேற்கே தனுஷ்கோடிவரை நீளும் இராமர் அணையின் மணற்றிட்டுகள் இவ்விரு கடலையும் பிரிக்கின்றன. வைகாசி முதல் புரட்டாதிவரை தென்மேற்கிலிருந்து சோளகம் வீசும். மார்கழி, தை மாதங்களில் வடகிழக்கிலிருந்து வாடை வீசும். சோளக காலத்தில் அரிப்பு, சிலாவத்துறை, வங்காலைப் பக்கத்துத் தென்கடல் கொந்தளிக்க, பேசாலைப் பக்கத்து வடகடலோ கரையோரத்திற் குளம்போற் கிடக்கும். வாடைக் காலத்தில் இது மறுதலையாகும். இதனைக் கண்ட புதியவன், 'அலையில்லாத கரையே பயிலத்தக்க கரை' என முடிவு செய்வான். யாமும் அவ்வாறே முடிவு செய்தோம். அலையின்மைக்குக் காரணம், காற்று தரையிலிருந்து கடலை நோக்கி வீசுதலே என்பதைச் சிந்தித்தோமில்லை.

ஆவணி மாதத்து அந்த ஆறாம் நாட் காலை, காற்று முதுகிற் படத் துடுப்பு வலிப்பது மிக எளிதாயிருந்தது. எமது திறமையே அதற்குக் காரணமென எண்ணி மகிழ்ந்தோம். திரும்பிப் பார்த்தபோது கரையிலிருந்த மருமகன் விரலளவாய்த் தோன்றினான். திரும்பி வலித்தோம், பலகை நின்ற இடத்தில் நின்றது. வெயில் ஏறக் காற்றும் ஏறியது. வலிக்க வலிக்கப் பின்சென்றோம். நிற்கும் மனிதவுடல் பாய்மரத்துக்கு ஒப்பானது. காற்றின் வேகம் இருமடங்காயின் அது தள்ளும் விசை நான்கு மடங்காகும். அமைந்த நீரிலே மணிக்கு நான்கைந்து கிலோமீற்றர் செல்லும் பயிற்சியற்ற ஒருவன் அதனை எதிர்த்து வெல்லுதல் அரிது. வடக்கே இருப்பது பாக்குக் குடா; அதன் நடுவே, 1974ஆம் ஆண்டு உடன்படிக்கையால் வகுத்த இந்திய இலங்கைக் கடலெல்லை. அவ்வேளையில் எம் வாழ்வு முழுவதும் பெற்ற சான்றிதழ்களுள் ஒன்றேனும் எமக்குப் பயன்படவில்லை.

யாம் செய்த நல்ல செயல் ஒன்றே: பலகையை விடவில்லை. முழந்தாளிட்டு, பின் குப்புறக் கிடந்து, துடுப்பை மார்பின்கீழ் வைத்துக் கைகளால் வலித்தோம். கிடக்கும் உடலிற் காற்று படும் பரப்புக் குறைவாதலின், பின்செல்லுதல் பெரிதுந் தணிந்தது. இதற்கிடையில் மருமகன் ஓடிச் சொல்ல, முதன்நாள் எமக்குப் புத்தி கூறிய அம்முதியவரும் அவர் மகனும் இயந்திரம் பூட்டிய கண்ணாடியிழைப் படகில் வந்து எம்மை ஏற்றினர். நாணத்தால் யாம் பேசாதிருந்தோம். முதியவர் தாமே, "கரையிலை அலை இல்லையெண்டு பாக்கக் கூடாது ஐயா, காத்து எங்கை போகுதெண்டு பாக்கவேணும்" என்றார். கரையேறிய பின்னர் யாம் நீட்டிய பணத்தை அவர் தொடவில்லை. தமது இளமையில் துடுப்பு மட்டுமே கொண்டு இக்கடலிற் சென்று மீண்ட கதையை, தேநீர் அருந்தியவாறு அமைதியாகக் கூறினார். யாம் ஆறு நாளிற் கற்றோமென எண்ணியதை அவர் அறுபது ஆண்டாகக் கற்றுக்கொண்டிருந்தார்.

அன்று முதல் யாம் கைக்கொள்ளும் விதிகளைத் தொகுத்துரைப்போம். வெயில் ஏறுமுன் அதிகாலையிற் பயில்க. பருவக் காற்றுகள் மாறும் பங்குனி, சித்திரையில் அமைந்த காலைகளே தொடக்கத்திற்குச் சிறந்தன. புறப்படுமுன் ஒரு பிடி மணலையோ காய்ந்த புல்லையோ தூவிக் காற்றின் திசையை அறிக. தரையிலிருந்து கடலுக்குச் செல்லுங் காற்றாயின் இறங்கற்க. கடலில் வெண்ணுரை தோன்றுமாயின், காற்று ஏறத்தாழ மணிக்கு 10 கடல்மைலை எட்டிவிட்டதென அறிந்து கரையிலிருக்க. செல்லும்போது காற்றை எதிர்த்துச் சென்று, களைத்துத் திரும்பும்போது அதன் துணையைப் பெறுக. மீனவரைக் கேளாது நீரில் இறங்கற்க. நீரில் நடக்கும்போது பாதத்தைத் தூக்கி வையாது மணலில் இழுத்து நடக்க. மணலிற் புதைந்து கிடக்குந் திருக்கை அவ்வதிர்வால் விலகிவிடும். கடற்புற்களை மிதித்துச் சிதைக்கற்க. அவை ஆவுளியா எனப்படுங் கடற்பசுவின் உணவு. 2010இல் றாம்சார் ஈரநிலமாக ஏற்கப்பட்ட வங்காலைச் சரணாலயத்துப் பக்கத்தில், மாரியில் வரும் பூநாரைக் கூட்டங்களை நெருங்கற்க. ஒருமுறை வெருண்டெழும் பறவை, நெடுந்தூரப் பயணத்துக்குச் சேமித்த வலுவை வீணே செலவிடுகின்றது.

இன்று கற்பிட்டிக் கரையிலும் மன்னார்ப் பக்கத்திலும் காற்றாடியைப் பற்றிப் பலகையிற் செல்லும் விளையாட்டுக்காகப் பிறநாட்டார் வருகின்றனர். தமிழ்நாட்டிலே கோவளம், மாமல்லபுரக் கரைகளில் மீனவக் குடும்பத்து இளைஞர் அலைச்சறுக்கிலும் பலகைத் துடுப்பிலும் சிறந்து, பிறர்க்கு ஆசிரியராக விளங்குகின்றனர். கடலறிவு வலையோடு முடிவதன்று. அது கற்பிக்கத்தக்க கல்வி என்பதற்கு இது சான்று. நம் கரையிலும் அவ்வாறு நிகழ்வதற்குத் தடை யாது? நமது கல்லூரி தன் பிள்ளைகளுக்கு நீச்சலையும் காற்றின் குணத்தையுங் கற்பிக்க முற்படுமாயின், அதற்குரிய ஆசிரியர் நெடுந்தூரத்தில் இல்லை; வாடியிலே வலை பின்னிக்கொண்டிருக்கின்றனர். அவரை ஆசிரியராக அழைக்கும் பணிவே நம்மிடம் வேண்டப்படுவது.

உடல் தளர்ந்த பின்னர் புதிதொன்று கற்கப் புகுவோன் இருவகை நோவை அடைகின்றான். ஒன்று தசையின் உளைவு. அது சில நாளில் நீங்கும். மற்றையது, பலர் பார்க்க விழுவதால் உண்டாகும் மானத்தின் உளைவு. அது நீங்கச் சிறிது காலஞ் செல்லும். ஆயினும் அதுவும் நீங்குகின்றது. சென்ற பங்குனியில் அதே கரையில், காற்று எழாத காலையொன்றில், யாம் ஒரு மணி நேரம் விழாது நின்று வலித்தோம். கரையில் அம்முதியவர் தலைநிமிர்ந்து ஒருமுறை பார்த்தார். பின்னர்த் தம் வலையைப் பார்க்கலானார். அவர் எம்மைக் கவனித்தற்கு இனி அவசியமில்லையென்பதே அப்பார்வையின் பொருளாகக் கொண்டோம். கல்லூரியிற் பெற்ற பரிசுகள் பலவற்றினும் அஃது எமக்குப் பெரிதாகத் தோன்றியது.